நாடா ரம்பத்தைச் சுற்றும் கை

தென்காசி
20-6-1938

சௌபாக்கியவதி வடிவுக்கு ஆசீர்வாதம்.

நீ குற்றாலம் போய்ச் சேர்ந்ததாகக் குதிரைவண்டிக்கார இசக்கியப்பன் சொன்னார். வழியில் சாரல் அடித்ததாம். நீ குடையை விரிக்கவே இல்லையாம்.

மகளுக்குப் பிரசவ நேரம், துணைக்குப் போகிறேன் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். கேட்பவர்களிடம் நானும் அதையே சொல்கிறேன். ஆனால் குழலுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். ரயிலடியிலிருந்து அந்தப் பெட்டி மாட்டுவண்டியில் வந்து இறங்கிய அன்றுதான் நீ துணிமூட்டை கட்டினாய்.

உன்னைக் கேட்காமல் வாங்கியது தவறுதான். மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன சாமான் அது. கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரிந்தே கேட்கவில்லை. அதை இப்போது பேசிப் பயனில்லை. அது என்ன சாமான் என்பதையாவது சொல்ல விடு. நீ பெட்டியைத் திறக்கும்வரைகூட நிற்கவில்லை.

இதன் பெயர் நாடா ரம்பம். கட்டிலுக்குப் பின்னுகிற நாடாவை நினைத்துக்கொள். அந்த மாதிரி மெல்லிய எஃகு நாடா. ஒரு ஓரத்தில் பல் வைத்து, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கியிருக்கிறார்கள். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். வளையம் இரண்டின்மேலும் ஓடுகிறது. பக்கத்தில் பெரிய கைச்சக்கரம் ஒன்று. ஒருவர் அதன் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், இன்னொருவர் மரத்தைத் தள்ள வேண்டும். கைரம்பம் நேராகப் போகும், வளைவு என்றால் திணறும். ஒரு முக்காலிக்கு வளைந்த கால் அறுக்க எனக்கு ஒரு பகல் போய்விடுகிறதே, நீ பார்த்திருக்கிறாய். இந்த நாடா மெல்லியதாக இருப்பதால் கோடு எப்படித் திரும்புகிறதோ அப்படியே கூடத் திரும்பும்.

ஆபத்து என்று நினைக்கிறாய். உன் அரிவாள்மணையை எடுத்துக்கொள். அதில் கத்தி இருந்த இடத்தில் இருக்கிறது, காய்தான் நகர்கிறது. இதிலும் அப்படித்தான். வட்டமாகச் சுழல்கிற ரம்பம் மரத்தை எதிரே வீசும்; இது மரத்தைக் கீழ்நோக்கி மேடையோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுத்தவன் சொல்கிறேன், நம்பு.

சக்கரம் சுற்ற, கொல்லை வேலைக்கு வருகிற நம் சுடலையாண்டியை வரச் சொல்லியிருக்கிறேன். நீ எப்போது வருகிறாய் என்று எழுது.

சங்கரநாராயணன்


குற்றாலம்
வெகுதானிய வருஷம் ஆனி 9

குழலின் அப்பாவுக்கு வடிவு எழுதுவது.

கடிதம் கிடைத்தது. இங்கே சாரல் விடவில்லை. துவைத்த துணி காய்வதில்லை. மருமகன் சீசனுக்கு வந்தவர்களுக்கு எல்லா அறைகளையும் வாடகைக்கு விட்டுவிட்டார். நானும் குழலும் அடுக்களையை ஒட்டிய அறையில் இருக்கிறோம். பகலெல்லாம் அருவி இரைச்சல். கொல்லையில் நின்று ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவர் காதில் விழுவதில்லை. எனக்கு அதுதான் இங்கே பிடிக்கவில்லை.

பிரசவத்துக்கு நாள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குழலின் கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. நான் வந்ததற்குக் காரணம் வேறு என்றாலும், வந்தது நல்லதாகப் போயிற்று.

அரிவாள்மணை உதாரணம் படித்தேன். அரிவாள்மணையை யாரும் பக்கத்தில் நின்று சுற்றுவதில்லை. நான் கையை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும். உங்கள் ரம்பம் நீங்கள் நிறுத்தினால் நிற்குமா? இன்னொருவர் நிறுத்தினால்தானே நிற்கும்.

இதை உங்களிடம் முழுதாக நான் சொன்னதில்லை. எங்கள் அப்பாவுக்கு மரக்கடையில் அடிபட்டது என்று மட்டும் உங்களுக்குத் தெரியும். செங்கோட்டையில் அப்போது புதிதாக எஞ்சின் வைத்து வட்ட ரம்பம் போட்டிருந்தார்கள். நான் சோறு கொண்டுபோய் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அப்பாவின் துண்டு ரம்பத்தில் மாட்டியது, துண்டோடு கையும் போயிற்று. "நிறுத்துலே, நிறுத்துலே" என்று கத்தினார். எஞ்சின் பக்கத்தில் நின்றவருக்கு அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து அழுதார். கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் சக்கரம் சுற்ற யாரைப் பிடித்திருக்கிறீர்கள்? சுடலையாண்டியை. அவருக்கு வலது காது மந்தம் என்று ஊருக்கே தெரியும். மாட்டை ஓட்டச் சொன்னால் வீட்டைக் கூட்டுகிறவர்.

அந்தச் சாமான் வீட்டில் இருக்கிறவரை நான் அங்கே வர மாட்டேன்.

ஊறுகாய்ச் சாடியை மூன்று நாளைக்கு ஒருமுறை குலுக்கி வையுங்கள். ஈரக்கை போடாதீர்கள்.

வடிவு


தென்காசி
28-6-1938

வடிவுக்கு ஆசீர்வாதம்.

உன் அப்பாவின் விஷயத்தைப் படித்தபிறகு அன்று வேலைக்கொட்டிலுக்குப் போகவில்லை. இத்தனை வருஷம் உன்னோடு இருந்தும் நீ வாசலில் நின்றாய் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அங்கே ஓடியது நீராவி எஞ்சின். அதற்குக் களைப்பு கிடையாது, கண் கிடையாது. இங்கே சுற்றுவது மனிதர். சுடலையாண்டிக்கு வலது காதுதான் மந்தம். இடது காது என் பக்கம் இருக்கும்படி நிறுத்தியிருக்கிறேன். அவர் கையை எடுத்தால், இரண்டு எண்ணுவதற்குள் ரம்பம் நின்றுவிடுகிறது. சோதித்துப் பார்த்தேன்.

இனி அதன் உபயோகத்தைச் சொல்கிறேன். கொல்லையில் விழுந்த பலாக் கிளையை விறகுக்கு என்று போட்டிருந்தோமே, அதை நெடுக்கில் பிளந்து மெல்லிய பலகைகளாக எடுத்துவிட்டேன். கைரம்பத்தால் அப்படி எடுக்க இரண்டு ஆள் வேண்டும், பாதி மரம் தூளாகப் போகும். இதில் தூளே உள்ளங்கையளவு, ஒரு சிரங்கைதான் விழுந்தது. அடுத்த வீட்டு ஜெபமலர் டீச்சரின் இடியாப்ப உரலுக்குப் புதுக் கைப்பிடி போட்டுக் கொடுத்தேன். குழலுக்கு என்று அகப்பைகள் செய்திருக்கிறேன். கைப்பிடி வளைவைத் தடவிப் பார், எங்காவது தட்டுகிறதா என்று. இசக்கியப்பனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

பெருங்காய டப்பாவை எங்கே வைத்திருக்கிறாய்? ரசம் ரசமாக இல்லை.

குழலின் கால் வீக்கத்தை டாக்டரம்மாவிடம் காட்டினாயா? என்ன சொன்னார்கள்? உடனே எழுது.

சங்கரநாராயணன்


குற்றாலம்
ஆனி 16

குழலின் அப்பாவுக்கு.

அகப்பைகள் கிடைத்தன. நன்றாகத்தான் இருக்கின்றன. இசக்கியப்பன் அடுத்து வரும்போது திருப்பி அனுப்புகிறேன்.

அகப்பைகளைக் கொண்டுவந்து கொடுக்கும்போது இசக்கியப்பன் சும்மா இருக்காமல் இன்னொன்றும் கொடுத்துவிட்டுப் போனார். "ஆச்சி, வாத்தியார் வீட்டுல முந்தா நாளு வேட்டுப் போட்டாப்ல ஒரு சத்தம். தெருவே ஓடிவந்துட்டு. ரம்பம் அறுந்துட்டுன்னு சொல்லுதாவ. வாத்தியாரு சிரிச்சிக்கிட்டேதான் நிக்காரு, ஆனா மொகம் வெளுத்துப்போச்சு" என்றார். நான் அவருக்குக் காப்பி கொடுக்க எடுத்த தம்ளரைத் தரையில் வைத்துவிட்டேன். அவரும் பாவம், குடிக்காமலே போய்விட்டார்.

உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். இடியாப்ப உரல் இருக்கிறது, பெருங்காயம் இருக்கிறது. ரம்பம் அறுந்தது இல்லை.

மறைத்துவிட்டீர்கள். அறுந்ததைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. இனி நீங்கள் சுகம் என்று எழுதினால் அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? இசக்கியப்பன் வருகிற சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன். குதிரை மெதுவாக வந்தாலும் பயம், வேகமாக வந்தாலும் பயம்.

டாக்டரம்மா வந்து பார்த்தார்கள். உப்பைக் குறைக்க வேண்டும், காலைத் தூக்கி வைத்துச் சாய்ந்தே இருக்க வேண்டும், தலைவலியோ கண் மங்கலோ வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்கக்கூடாது என்றார்கள். சாய்வதற்கு இங்கே முதுகுப்பக்கம் ஒன்றுமில்லாத ஒரு விசுப்பலகைதான் இருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்கிறாள், உட்கார்ந்தால் கால் வீங்குகிறது. மருமகனிடம் சொன்னேன். சாய்வு நாற்காலிகளையெல்லாம் சீசன்காரர்கள் அறையில் போட்டுவிட்டேன் அத்தை, பார்க்கிறேன் என்றார். பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

மகளுக்காகப் பயப்படுவதா, உங்களுக்காகப் பயப்படுவதா? இரண்டையும் சேர்த்து என்னால் சுமக்க முடியவில்லை. ஒன்றையாவது இறக்கி வையுங்கள். அந்த ரம்பத்தைத் தொடுவதில்லை என்று குழல்மேல் ஆணையாக எழுதுங்கள்.

பெருங்காயம் அரிசிப்பானைக்குப் பின்னால்.

வடிவு


தென்காசி
7-7-1938

வடிவுக்கு.

மறைத்தது உண்மை. எழுத உட்கார்ந்தேன், எழுதினால் நீ தூங்கமாட்டாய் என்று விட்டுவிட்டேன்.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். பழைய நாடா, ஒட்டின இடம் விட்டுவிட்டது. சத்தம் பெரிதுதான். ஆனால் சக்கரங்களைச் சுற்றிப் பலகை அடைப்பு இருக்கிறது, அறுந்த நாடா அதற்குள்ளேயே சுருண்டு விழுந்தது, வெளியே ஒரு துண்டு வரவில்லை. நம் தட்டாரிடம் கொண்டுபோனேன். கொலுசு ஒட்டுகிற மாதிரியே வெண்காரம் வைத்து, வெள்ளிப்பொடி தூவி ஊதி ஒட்டிக் கொடுத்தார். ரம்பத்துக்கும் நகை போட்டாயிற்றா வாத்தியாரே என்று கேலி வேறு.

ஆனால் நீ கேட்டதைச் செய்துவிட்டேன். நாடாவைக் கழற்றிச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டேன். சக்கரங்களைச் சாக்குப்போட்டு மூடியாயிற்று. தொடமாட்டேன். குழல்மேல் ஆணையிட என் கை வரவில்லை, இந்த நேரத்தில் அவள் பெயரைச் சொல்லி ஆணையிடக்கூடாது. என் வார்த்தையை வைத்துக்கொள்.

நாற்காலி விஷயம் நீ மருமகனிடம் சொல்லியிருக்க வேண்டாம், என்னிடம் சொன்னால் போதும். வீட்டில் பழைய கதவு நிலையின் தேக்கு இருக்கிறது. கால் நீட்டிக்கொள்ளும்படி கைகள் நீண்டு வளைந்த சாய்வு நாற்காலி ஒன்று செய்கிறேன். முதுகு சாயும் இடத்திலும் வளைவு வேண்டும். கனத்த மரம், கைரம்பத்தாலும் செதுக்குகிற வாச்சியாலும் உளியாலும்தான் வளைவு எடுக்க வேண்டும். நாளாகும். இரவு பகலாக உட்கார்ந்தாவது முடிக்கிறேன்.

கண் மங்கல் வருகிறதா என்று குழலிடம் தினமும் கேள். அவளாகச் சொல்லமாட்டாள். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்கு எழுத வேண்டாம்.

அகப்பைகள் திரும்பி வந்தன. சுவரில் மாட்டியிருக்கிறேன்.

சங்கரநாராயணன்


தென்காசி
16-7-1938

வடிவுக்கு.

நலம். பேனா முள் சரியில்லை. எழுத்து கோணலாக வரும். நாற்காலி கொஞ்சம் தாமதமாகும். ஒரு கை முடிந்தது. இன்னொரு கை பாக்கி. குழலைப் பார்த்துக்கொள். கவலைப்படாதே.

ச. நா.


குற்றாலம்
ஆடி 2

குழலின் அப்பாவுக்கு.

பேனா முள் இல்லை. அது இடது கை.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். உங்கள் எழுத்தின்மேல் எழுதி எழுதிப் பழகியவள் நான். ஐந்து வரியை இப்படி எழுதிவிட்டு என்னை நம்பச் சொல்கிறீர்களே.

எத்தனை விரல் போயிற்று? அதை மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இன்றே புறப்பட்டிருப்பேன். நேற்றிலிருந்து குழலுக்குத் தலைவலி. டாக்டரம்மா காலையும் மாலையும் வந்து பார்க்கிறார்கள். நான் அறையைவிட்டு வெளியே போனால் அவள் கண்ணால் தேடுகிறாள். உங்கள் கடிதத்தை அவளுக்குக் காட்டவில்லை; அப்பா சுகமாக இருக்கிறார், நாற்காலி வருகிறது என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். நீங்கள் எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்கிறேன். எவ்வளவு எளிதாக வாயில் வருகிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

தொடமாட்டேன் என்று வார்த்தை கொடுத்தீர்கள். தாமதமாகிறது என்று அவசரப்பட்டு மூடினதைத் திறந்திருப்பீர்கள். சுடலையாண்டியைக் கூப்பிட்டிருப்பீர்கள். அவருக்குக் கேட்டிருக்காது. எல்லாம் எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அந்த மனிதர் இனி நம் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. அவரை நான் நேரில் பார்த்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

இசக்கியப்பனை நிற்கச் சொல்லியிருக்கிறேன். பதில் வாங்காமல் வரமாட்டார். உங்கள் கையையும் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். காட்டுங்கள்.

வடிவு


தென்காசி
18-7-1938

வடிவுக்கு.

இதை நான் சொல்லச் சொல்ல ஜெபமலர் டீச்சர் எழுதுகிறார்கள். பத்தும் இருக்கின்றன. முதலில் அதைப் படித்துக்கொள். பத்து விரலும் இருக்கின்றன. இசக்கியப்பனிடம் காட்டினேன், அவர் தொட்டு எண்ணிவிட்டுத்தான் கீழே உட்கார்ந்தார்.

வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஆழமாக வெட்டு. ஆஸ்பத்திரியில் தையல் போட்டிருக்கிறார்கள். ஒரு மாதம் எதையும் பிடிக்கக்கூடாது. பிறகு சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார்.

எப்படி நடந்தது என்று சொல்லாமல் விடவே நினைத்தேன். ஆனால் நீ சுடலையாண்டியைப் பழிக்கிறாய். செய்யாத ஒருவர்மேல் பழி நிற்க விடக்கூடாது. வகுப்பிலும் நான் விட்டதில்லை.

ரம்பத்தின் சாக்கை நான் எடுக்கவில்லை. நாடா இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. வெட்டியது உளி. உனக்கு நன்றாகத் தெரிந்த அதே உளி, நமக்குக் கல்யாணமான காலத்திலிருந்து என் கையில் இருப்பது. நாற்காலியின் முதல் கை எப்படியோ முடிந்தது. இரண்டாவதில் வளைவின் உள்பக்கம் எடுக்கும்போது தேக்கின் இழை எதிராகத் திரும்பிவிட்டது. அதனால் உளியை இடது கைக்கு மாற்றி, வலது கையால் மரத்தை அணைத்துப் பிடித்தேன். பிள்ளைகள் அப்படிப் பிடித்தால் அந்த இடத்திலேயே வெளியே நிறுத்தியிருப்பேன். களைப்பு. அவசரம். வழுக்கிவிட்டது.

நான் கத்தவில்லை. கத்த மூச்சு வரவில்லை. சுடலையாண்டி கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். உளி தரையில் விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. எந்தக் காதில் என்று நான் கேட்கவில்லை. ஓடிவந்து, தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றி இறுக்கி, "அண்ணாச்சி, கையக் கீழ விடாதிய, மேல தூக்குங்க" என்று என் கையைத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிவரை நடந்தார். வழியெல்லாம் "ஆச்சிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்" என்றுதான் புலம்பினார்.

இதை உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்கள், அதனால் இன்னொரு முறை சொல்கிறேன். நீ பயந்தது நியாயமான பயம். நான் அதை உதாரணம் சொல்லித் தீர்க்கப் பார்த்தேன். உதாரணத்தால் தீருகிற பயம் இல்லை அது.

குழலின் தலைவலி எப்படி இருக்கிறது? நாற்காலிதான் பாதியில் நிற்கிறது. ஒரு கையோடு.

சங்கரநாராயணன்


குற்றாலம்
ஆடி 6

குழலின் அப்பாவுக்கு வடிவு எழுதுவது.

குழலுக்கு நேற்று மாலையிலிருந்து தலைவலி இல்லை. கண் தெளிவாக இருக்கிறது; அருவிக்குப் போகிற பெண்களின் சேலை நிறத்தைச் சொல்லச் சொல்லித் தினமும் பார்க்கிறேன். ஆனால் இன்னும் விசுப்பலகையில்தான் புரண்டுகொண்டிருக்கிறாள். சாய இடம் கிடைத்தே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். மறைத்தது போதும் என்று தோன்றியது. படித்து, மடித்துத் தலைமாட்டில் வைத்தாள். பிறகு, "உளிக்கு ஒரு நாளும் பயப்படலையேம்மா நீ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பயப்படவில்லை. பழகின சாமான் என்று விட்டுவிட்டேன். உங்கள் கையில் புதிதாக வந்ததைப் பிடுங்கி, பழையதைக் கொடுத்து, அவசரமும் கொடுத்தது நான்.

ரம்பத்தைப் பார்த்து இப்போது பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இதை எழுதும்போதும் அந்த வாசல் தெரிகிறது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். அன்று நான் எஞ்சின் பக்கம் நின்றிருந்தால், அப்பா கத்துவதற்கு முன்பே நிறுத்தியிருப்பேன். நான் அவர் கையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். நின்ற இடம்தான் தப்பு.

நாளைக் காலை இசக்கியப்பன் வண்டியில் வருகிறேன். மாலை விளக்கு வைப்பதற்குள் இங்கே திரும்பிவிட வேண்டும். அதுவரை மருமகனை அறையைவிட்டு நகரக்கூடாது என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறேன். சுடலையாண்டியிடம் சொல்லி நாடாவை மாட்டி வையுங்கள். இடது கையால் மரத்தில் கோடு மட்டும் நீங்கள் போடுங்கள். சுடலையாண்டி மரத்தைத் தள்ளட்டும், அவருக்கு நடுங்காத கை. தோளில் துண்டு இருக்கக்கூடாது. நான் சக்கரத்தைச் சுற்றுகிறேன். இத்தனை வருஷம் திரிகை சுற்றிய கைக்கு அது ஒன்றும் கனமில்லை. திரிகையில் மாவு தள்ளுகிற கை குறுக்கே வந்தால் யாரும் சொல்லாமலே நிறுத்தத் தெரியும் எனக்கு. நான் சுடலையாண்டியின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், ரம்பத்தைப் பார்க்கமாட்டேன். அவருக்கு என் குரல் கேட்க வேண்டியதில்லை, எனக்கு அவர் குரலும் கேட்க வேண்டியதில்லை.

இனி எப்போதும் அப்படித்தான். நான் ஊரில் இல்லாவிட்டால் அன்றைக்கு ரம்பமும் இல்லை.

சுடலையாண்டியிடம் அந்தத் தலைப்பாகையை வாங்கி வையுங்கள். ரத்தக் கறையை வெந்நீரில் போட்டுக் கெடுத்துவிடப் போகிறார். நான் துவைத்துத் தருகிறேன். நான் எழுதியதை அவரிடம் சொல்லியிருந்தால், அதற்கு நான் நேரில் பேசிக்கொள்கிறேன். சொல்லவில்லை என்றால் சொல்ல வேண்டாம்.

சுவரில் மாட்டிய அகப்பைகளை எடுத்துக் கழுவி வையுங்கள், திரும்பும்போது கொண்டுவருகிறேன்.

கைச்சக்கரத்தின் கைப்பிடி என் உயரத்துக்குச் சரியாக இருக்குமா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நிற்க ஒரு பலகை போட்டு வையுங்கள். நான் வரும்வரை அந்தக் கைப்பிடியில் யாரும் கை வைக்க வேண்டாம்.

வடிவு